கான்டெசாவின் இரண்டு எஞ்சின்கள்: ஓர் ஆலையின் வரலாற்றை ஒரு காரின் வழியே வாசித்தல்

(நீண்ட பதிவு. பொருளாதார வரலாறும் தொழில்நுட்ப வரலாறும் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

ஹவுராவிலிருந்து வர்தமான் நோக்கிச் செல்லும் முதன்மை இருப்புப்பாதையில் லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா ஆகிய நிலையங்களைக் கடந்ததும் வருவது 'ஹிந்த் மோட்டார்'. ஊர்ப்பெயரோ தலைவரின் பெயரோ தாங்காமல், ஒரு கார் தொழிற்சாலையின் பெயரையே தாங்கி நிற்கும் நிலையம் அது. மாவட்ட எல்லைப்படி அந்த இடம் ஹூக்ளியைச் சேர்ந்தது. தொழில் வரலாற்றின்படி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுராவிலிருந்து வடக்கே நீளும் ஆலைப் பகுதியின் ஓர் அங்கம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 வரை அம்பாசடர் கார்களைச் செய்தது அங்கேதான். அம்பாசடரைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அதே ஆலையில் 1984 தொடங்கி 2002 வரை உருவான மற்றொரு காரான கான்டெசாவைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கான்டெசா குறித்துப் பொதுவெளியில் இரண்டு கதைகள் உலவுகின்றன. முதற்கதை ஏக்கத்தின் கதை: நீண்ட முகப்பும் அகன்ற உடலும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அந்தக் கார் 'இந்தியாவின் மசில் கார்' என்று கொண்டாடப்படுகிறது. இரண்டாவது ஏளனத்தின் கதை: பார்வைக்குப் பெரிது, ஓட்டத்தில் சோம்பல், அதற்குக் காரணம் வங்காளத்தின் தொழிற்சங்கமும் உழைப்புக் குறைவும் என்பது அதன் முடிவு. இவ்விரண்டு கதைகளும் காரின் செயல்திறனைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் அச்செயல்திறன் எங்கே தீர்மானிக்கப்பட்டது என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை. கான்டெசாவின் தொழில்நுட்ப விவரங்களை ஆண்டுகளோடு சேர்த்து வாசித்தால், அதன் வேகம் உத்தர்பாராவின் தொழிலாளர் கைகளில் முடிவாகவில்லை என்பதும், எந்த ஆண்டின் எஞ்சினை எந்த ஆண்டின் உடலில் பொருத்தலாம் என்று நிறுவனமும் அரசும் எடுத்த முடிவுகளிலேயே அது உறைந்திருந்தது என்பதும் புலப்படும் என்பதே என் வாதம்.

1. ஆலையும் காலத் தொலைவும்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தை பி.எம். பிர்லா 1942 இல் தொடங்கினார். முதற்கட்டப் பணிகள் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் நடந்தன. 1948 இல் ஆலை உத்தர்பாராவுக்கு வந்தது. பிரிட்டனின் மாரிஸ் நிறுவனத்தோடு கொண்ட தொடர்பே அதன் அடித்தளம். இந்துஸ்தான் 10, இந்துஸ்தான் 14, லேண்ட்மாஸ்டர், பிறகு அம்பாசடர் என வெளிவந்தவை யாவும் மாரிஸ் கார்களின் இந்திய வடிவங்களே.

1950களின் தொடக்கத்தில் நாட்டின் கார் தொழில் ஒரு திருப்பத்தைக் கண்டது. 1953 இல் சுங்கவரி ஆணையம் அளித்த அறிக்கையின் வழியே, உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடைய நிறுவனங்கள் மட்டுமே நீடிக்கலாம் என்ற கொள்கை உருவானது. அத்தகைய திட்டம் இல்லாமல் பாகங்களைத் தருவித்துப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார் உற்பத்தியில் முதன்மையாக நின்றவை மூன்று: உத்தர்பாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எந்த மாதிரியைச் செய்யலாம், எவ்வளவு அந்நியச் செலாவணியைச் செலவிடலாம் என்பனவெல்லாம் 1951 ஆம் ஆண்டின் தொழில் மேம்பாடு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமங்களுக்கு உட்பட்டன. 1969 இல் கார்களின் விலையே ஆணையின் மூலம் கட்டுப்படுத்தப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு 1971 இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது.

இங்கே 'காலத் தொலைவு' என்ற அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு பாகம் அதன் பிறப்பிடத்தில் சந்தைக்கு வந்த ஆண்டுக்கும், இந்தியாவில் புதிய மாதிரியாக அறிமுகமான ஆண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே அது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை பிரிட்டனில் 1956 இல் வந்தது. அம்பாசடர் 1957-58 காலத்தில் வந்தது. அதாவது அம்பாசடர் பிறந்தபோது ஏறத்தாழ சமகாலக் காராகவே பிறந்தது. 'பழமையான கார்' என்ற அடையாளம் அதன் பிறப்பில் இல்லை. பின்னர் வந்த ஆண்டுகள் அதன்மேல் ஏற்றியது அது.

2. இழுவையும் வேகமும்

அம்பாசடரில் நிலைபெற்ற எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி வரிசை'யைச் சேர்ந்தது. கொள்ளளவு 1489 சிசி. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் நீளம் 88.9 மில்லிமீட்டர். விட்டத்தைவிட நீளம் மிகுந்த இவ்வமைப்பு குறைந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசையைத் தரும். சுழற்சி கூடக்கூட விரைவில் களைத்துவிடும்.

தமிழ்நாட்டு ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் 'இழுவை', 'வேகம்' என்று இருவேறு சொற்களைப் பயன்படுத்துவதை மொழியியல் பயின்றவன் என்ற முறையில் கவனித்திருக்கிறேன். 'வண்டி நல்லா இழுக்குது' என்பது ஏற்றத்தில் சுமையோடு திணறாமல் ஏறுவதைக் குறிக்கும். 'நல்லா போகுது' என்பது திறந்த சாலையின் வேகத்தைக் குறிக்கும். இயற்பியல் முறுக்குவிசை என்றும் திறன் என்றும் பிரித்துச் சொல்வதைப் பேச்சுவழக்கு இவ்வாறு தன் போக்கிலேயே பிரித்துவைத்திருக்கிறது. திறன் என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிக் கிடைப்பது. அம்பாசடரின் எஞ்சின் இழுவைக்கு உரியது. ஐந்தாறு பயணிகளும் மேற்கூரைச் சுமையும் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவின் நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்வது அதற்கு இயல்பான பணி. ஹவுரா நிலைய வாயிலில் பல பத்தாண்டுகள் வரிசைகட்டி நின்ற டாக்சிகளுக்கு அதுவே தேவைப்பட்டது.

ஆனால் அதே எஞ்சினுக்கு மற்றொரு வாழ்க்கையும் இருந்தது. 1489 சிசி வடிவில் அது 1953 இல் எம்.ஜி. மேக்னட் காரில் வந்தது. 1955 இல் எம்.ஜி.ஏ. என்னும் இரு இருக்கை விளையாட்டுக் காரில் இடம்பெற்றது. அங்கே இரட்டை கார்புரேட்டர்களோடும் 8.3க்கு 1 என்ற அமுக்க விகிதத்தோடும் தொடக்கத்தில் 68, பின்னர் 72 குதிரைத்திறனை அது தந்தது. உத்தர்பாராவில் அதே கொள்ளளவு ஒற்றைக் கார்புரேட்டரோடும் குறைந்த அமுக்க விகிதத்தோடும் 50 குதிரைத்திறனை ஒட்டியே நின்றது. இந்த வேறுபாட்டுக்குத் தக்க காரணம் உண்டு. அக்கால இந்திய பெட்ரோலின் ஆக்டேன் குறைவு. உயர்ந்த அமுக்கத்தில் அத்தகைய எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டும். சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடிய எளிய அமைப்பும் வேண்டும். ஆகவே குறைந்த திறன் என்பது அறியாமையின் விளைவன்று. ஒரு குறிப்பிட்ட எரிபொருளுக்கும் சாலைக்கும் பயனுக்கும் ஏற்பச் செய்த சமரசம். அம்பாசடரைப் பொறுத்தவரை அச்சமரசம் பொருந்தியது.

3. லூட்டனிலிருந்து வந்த உடல்

1980களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒரு பெரிய காரைச் செய்ய முனைந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பிரிட்டிஷ் கிளையான வாக்ஸ்ஹால் நிறுவனம் லூட்டனில் 1972 முதல் விக்டர் எஃப்.இ. என்ற காரையும், 1976 முதல் 1978 வரை அதன் திருத்திய வடிவமான விஎக்ஸ் வரிசையையும் உற்பத்தி செய்திருந்தது. அந்த உற்பத்தி நின்றபின் அதன் அச்சுக் கருவிகள் உத்தர்பாராவுக்கு வந்தன. கான்டெசா பிறந்தது அவ்வாறே. பெயர் இத்தாலிய மொழியில் 'சீமாட்டி' என்று பொருள்படும்.

உடலமைப்பைப் பொறுத்தவரை அம்பாசடரைவிட இது ஒரு தலைமுறை முன்னே இருந்தது. சக்கர அச்சுகளுக்கு இடையே 2,667 மில்லிமீட்டர், தாழ்ந்த கூரை, அகன்ற இருக்கைகள். அம்பாசடரின் பின்புறம் லீஃப் ஸ்பிரிங்குகளால் தாங்கப்பட்டது. கான்டெசாவின் பின்புறத்தில் காயில் ஸ்பிரிங்குகளும், அச்சு பக்கவாட்டில் அலையாமல் பிடிக்கும் தண்டும் இருந்தன. வேகத்தில் வளைவுகளைக் கடப்பதற்கு உரிய அடிக்கட்டு அது. பிரிட்டனில் இதே உடலுக்கு 1759 சிசி, 2279 சிசி எஞ்சின்களும், 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் கொடுக்கப்பட்டன. விஎக்ஸ் 4/90 என்ற விளையாட்டு வடிவம் இரட்டை கார்புரேட்டர் பூட்டிய 2279 சிசி எஞ்சினோடு விற்பனையானது. நடுத்தர அளவிலான விளையாட்டு செடான் என்று இன்று சந்தை அழைக்கும் வகைக்கு அது ஒரு முன்னோடி.

1984 இல் கான்டெசா வெளிவந்தபோது அந்த உடலுக்குள் இருந்தது எது? அம்பாசடரின் அதே 1489 சிசி எஞ்சின். பிரிட்டனில் இவ்வுடலுக்கு வழங்கப்பட்ட மிகச் சிறிய எஞ்சினைவிடவும் அது சிறியது. உடலின் காலத் தொலைவு 12 ஆண்டு. எஞ்சினின் காலத் தொலைவு 31 ஆண்டு. ஒரே காருக்குள் இரு வேறு காலங்கள்.

இதன் விளைவை எளிய கணக்கில் காணலாம். காரின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. 50 குதிரைத்திறன் என்று கொண்டால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 42 குதிரைத்திறன் கிடைக்கிறது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் 796 சிசி எஞ்சின் 40க்குச் சற்றுக் குறைவான குதிரைத்திறனே தந்தது. ஆனால் அதன் எடை 650 கிலோவுக்குள். டன்னுக்குக் கணக்கிட்டால் 55க்கும் 60க்கும் இடைப்பட்ட அளவு. நாட்டின் ஆடம்பரக் கார் என்று விற்கப்பட்ட ஒன்றைவிட, மலிவான சிறிய கார் எடைக்கு மிகுதியான திறனைக் கொண்டிருந்தது. ஏளனக் கதை இங்கிருந்துதான் பிறக்கிறது. அதன் அளவீட்டில் பிழையில்லை. அது சுட்டும் காரணமே ஆய்வுக்குரியது.

4. சென்னையும் பம்பாயும் தரும் ஒப்பீடு

காரணம் வங்காளத்தின் தொழிற்சூழலே என்றால், அச்சூழல் இல்லாத ஊர்களில் வேறு விளைவு கிடைத்திருக்க வேண்டும். ஆகவே அதே ஆண்டுகளில் மற்ற இரு நிறுவனங்கள் செய்ததைப் பார்ப்போம்.

சென்னையை அடுத்த வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985 இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. அதன் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, 1976 இல் வெளிவந்து, 1977 ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியக் கார் விருதைப் பெற்றது. பிரிட்டனில் அதற்கு 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. சென்னையில் அதற்குள் வைக்கப்பட்டதோ, 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் எஞ்சினிலிருந்து உருவான 1991 சிசி எஞ்சின். வியப்புக்குரிய ஒப்புமை ஒன்றும் உண்டு: அதே வழிவந்த 1991 சிசி எஞ்சின்தான் 1953 இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 விளையாட்டுக் காரில் இருந்தது. ஆக உத்தர்பாராவும் சென்னையும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல ஒரே விடையை எழுதியிருக்கின்றன: 1970களின் ஐரோப்பிய உடல், 1950களின் பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களில் ஒருகாலத்தில் துடித்த எஞ்சினின் அடங்கிய வடிவம். ஸ்டாண்டர்டு 2000 மூன்றாண்டுகளுக்குள் நின்றது. 1988க்குப் பின் அந்த ஆலையிலிருந்து கார்கள் வரவில்லை.

பம்பாயின் பிரீமியர் நிறுவனம் 1985 இல் 118 என்.இ. என்ற காரை வெளியிட்டது. உடல் 1966 இல் இத்தாலியில் அறிமுகமான ஃபியட் 124 வழிவந்தது. அதாவது மூன்றில் மிகப் பழைய உடல். ஆனால் எஞ்சினை நிசான் நிறுவனத்திடமிருந்து பெற்றார்கள், 1171 சிசி. பெயரிலுள்ள 'என்.இ.' என்ற எழுத்துகள் நிசான் எஞ்சினையே குறித்தன. மூன்று கார்களில் எஞ்சினைப் புதுப்பித்து வெளிவந்தது இது ஒன்றே. ஸ்டாண்டர்டு 2000 நின்றபின்னும் இது பல ஆண்டுகள் சந்தையில் இருந்தது.

மூன்று மாநிலங்கள், மூன்று வேறுபட்ட அரசியல் சூழல்கள், மூன்று நிர்வாகங்கள். வங்காளத்தில் 1977 முதல் இடது முன்னணி ஆட்சி. தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் அவ்வாறில்லை. ஆயினும் மூன்று இடங்களிலும் வெளிநாட்டில் பல ஆண்டுகளுக்கு முன் அறிமுகமான உடலே வாங்கப்பட்டது. இரண்டு இடங்களில் தன்னிடம் இருந்த பழைய எஞ்சினே அதற்குள் வைக்கப்பட்டது. உழைப்பாளரின் ஊர் இம்முறையை விளக்காது. உத்தர்பாராவில் வேலைநிறுத்தங்களும் கதவடைப்புகளும் நடந்தன. அவற்றின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. ஆனால் 1984 இல் எந்த எஞ்சினைப் பொருத்துவது என்ற முடிவை எந்த வேலைநிறுத்தமும் எடுக்கவில்லை.

அம்முறையை விளக்குவது முதலீட்டின் தருக்கம். உற்பத்தி நின்றுபோன ஒரு காரின் உடலை அழுத்தும் அச்சுகள் உலகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. கப்பலில் ஏற்றிக் கொண்டுவரலாம். எஞ்சின் அத்தகையதன்று. வார்ப்பு, கடைசல், துளையிடல், சோதனை என நீளும் ஒரு முழு இயந்திர வரிசை அதற்கு வேண்டும். ஏற்கெனவே செலவு மீண்டுவிட்ட பழைய வரிசை கைவசம் இருக்கையில் புதிய வரிசைக்கு முதலிட, போட்டி என்ற அழுத்தமோ அரசின் ஒப்புதலும் அந்நியச் செலாவணியும் எளிதில் கிடைக்கும் என்ற உறுதியோ தேவை. 1980களின் தொடக்கம்வரை இரண்டும் இல்லை. கார் கேட்டுக் காத்திருப்போரின் வரிசை நீண்டிருந்த சந்தையில், வேகமாக ஓடாத காரும் விற்கும். ஆகவே பழியை 'உரிம ஆட்சி' மீது மட்டும் சுமத்துவதும் பாதி வாசிப்பே. பாதுகாக்கப்பட்ட சந்தையில் கிடைத்த வருவாயை எதில் முதலிடுவது என்ற முடிவு தனியார் நிறுவனங்களிடமே இருந்தது. பம்பாய் நிறுவனத்துக்கு நிசான் எஞ்சின் சாத்தியமான அதே ஆண்டில் சென்னை நிறுவனம் வான்கார்டு எஞ்சினோடு நின்றது என்பதே அதற்குச் சான்று.

5. இரண்டாம் எஞ்சின்

1980களின் நடுவில் நிலைமை மாறத் தொடங்கியது. மாருதியின் வருகை போட்டி என்றால் என்னவென்று காட்டியது. 1985 இல் வாகன உற்பத்திக்கான உரிமங்கள் விரிவாக்கப்பட்டு, ஒரே உரிமத்தின் கீழ்ப் பல்வகை வாகனங்களைச் செய்ய இடம் கிடைத்தது. ஜப்பானிய நிறுவனங்களோடு தொழில்நுட்ப ஒப்பந்தங்கள் பெருகின. இந்துஸ்தான் மோட்டார்ஸ் இசுசு நிறுவனத்தோடு உடன்பாடு கண்டது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் கான்டெசா கிளாசிக் என்ற பெயரில் வந்த காரில் இசுசுவின் 1817 சிசி எஞ்சினும் ஐந்து வேக கியர்பெட்டியும் இருந்தன.

இவ்வெஞ்சினின் அமைப்பு முந்தையதற்கு எதிரானது. சிலிண்டர் விட்டம் 84, பிஸ்டன் பயணம் 82 மில்லிமீட்டர். இரண்டும் ஏறத்தாழ சமம். வால்வுகளை இயக்கும் தண்டு சிலிண்டர் தலையின்மேலேயே அமைந்தது. சுழற்சி கூடும்போது களைக்காத எஞ்சின் இது. நிறுவனம் அறிவித்த திறன் 88 குதிரைத்திறன். டன்னுக்கு ஏறத்தாழ 73. முந்தைய அளவோடு ஒப்பிட்டால் நான்கில் மூன்று பங்கு கூடுதல். ஐந்தாம் கியர் நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்தது; அதனால் ஓசையும் எரிபொருள் செலவும் தணிந்தன. முதலில் வந்த காரில் வீணாகிக் கிடந்த அகன்ற தடமும் காயில் ஸ்பிரிங்குகளும் இப்போதுதான் பொருள் பெற்றன.

ஒரு நுட்பமான பின்னணியும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1971 இல் இசுசுவின் பங்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் சற்று மிகுதியானதை வாங்கியிருந்தது. வாக்ஸ்ஹாலும் அதே குடும்பம். ஆக லூட்டனில் வடிவம் பெற்ற உடலும் ஜப்பானில் வடிவம் பெற்ற எஞ்சினும், உலக நிறுவனமொன்றின் இரு கிளைகளிலிருந்து புறப்பட்டு ஹூக்ளி ஆற்றங்கரையில் வந்து இணைந்தன.

என் வாதத்துக்கு இதுவே முதன்மையான சான்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துச் சோதிப்பார்கள். வரலாறு அத்தகைய வாய்ப்பை அரிதாகவே தரும். இங்கே ஏறக்குறைய தந்திருக்கிறது. அதே ஊர், அதே ஆலை, அதே உடல், அதே தொழிலாளர் சமூகம், அதே மாநில அரசு. மாறியது எஞ்சினும் கியர்பெட்டியும். காரின் இயல்பே மாறிவிட்டது. 'மசில் கார்' என்ற ஏக்கத்தின் கதை இரண்டாம் எஞ்சினுக்கு உரியது. 'சோம்பல் கார்' என்ற ஏளனத்தின் கதை முதல் எஞ்சினுக்கு உரியது. இரு கதைகளும் காலத்தைக் கலந்துவிட்டதால்தான் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றுகின்றன.

இதே சோதனை தலைகீழாகவும் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடரிலும் அதே இசுசு எஞ்சின் பொருத்தப்பட்டு, 1800 ஐ.எஸ்.இசட். என்ற பெயரில் வெளிவந்தது. இப்போது உடல் 1950களைச் சேர்ந்தது. எஞ்சின் இரு பத்தாண்டுகள் இளையது. அதே எஞ்சின் அம்பாசடரையும் விரைவான காராக்கியது. ஆனால் லீஃப் ஸ்பிரிங்கும் உயர்ந்த கூரையும் கொண்ட உடல் அவ்வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டதன்று. காரின் செயல்திறன் என்பது எஞ்சினின் எண் மட்டுமன்று, எஞ்சினுக்கும் அடிக்கட்டுக்கும் இடையிலான ஒத்திசைவு என்பதை ஐ.எஸ்.இசட். மறுபுறத்திலிருந்து மெய்ப்பிக்கிறது.

6. திருவள்ளூருக்குச் சென்ற வேகம்

கான்டெசா கிளாசிக் தன் சிறந்த நிலையை அடைந்த சில ஆண்டுகளிலேயே சந்தை மாறியது. 1991 இன் புதிய தொழிற்கொள்கையைத் தொடர்ந்து 1993 இல் பயணியர் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானது. மாருதி எஸ்டீம் 1994 இல் வந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் கார்களும் தொடர்ந்தன. முன்சக்கர இயக்கமும் எடை குறைந்த உடலும் கொண்ட அவை, குறைந்த பெட்ரோலில் கான்டெசாவுக்கு ஈடான அல்லது மேலான வேகத்தைத் தந்தன. இசுசுவின் 2 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய கான்டெசாவும் வந்தது. அது செலவைக் குறைத்தது, வேகத்தையும் குறைத்தது. 2002 இல் கான்டெசா நின்றது.

இதனிடையே அதே நிறுவனம் மற்றொரு முடிவை எடுத்திருந்தது. ஜப்பானின் மிட்சுபிஷியோடு இணைந்து லான்சர் என்ற நடுத்தர செடானை இந்தியாவில் செய்யத் தீர்மானித்தது. அந்தக் கார் உத்தர்பாராவில் உருவாகவில்லை. தமிழ்நாட்டின் திருவள்ளூரில் புதிய ஆலை எழுந்தது. 1998 இல் லான்சர் அங்கிருந்து வெளிவந்தது. பெட்ரோல் வடிவில் 1468 சிசி, 87 குதிரைத்திறன். கான்டெசாவின் 1817 சிசி தந்த அளவுக்கு ஏறத்தாழ இணையான திறன், அதைவிடச் சிறிய எஞ்சினிலிருந்து. ஜப்பானில் அந்தத் தலைமுறை லான்சர் 1995 இல் வந்தது. காலத் தொலைவு மூன்றாண்டாகச் சுருங்கிவிட்டது. அம்பாசடர் பிறந்த காலத்துக்குப் பின் அந்த நிறுவனம் இவ்வளவு சமகாலத்தில் நின்றதில்லை.

தமிழ்நாட்டின் வாகனத் தொழில் வளர்ச்சியைப் பேசும்போது இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாயையும் மறைமலைநகரின் ஃபோர்டையும் நாம் குறிப்பிடுகிறோம். திருவள்ளூர் ஆலையையும் அவ்வரிசையில் வைத்தால், அவ்வளர்ச்சிக்கு மற்றொரு முனையும் இருந்தது தெரியவரும். ஒரே நிறுவனத்தின் இரு ஆலைகளில் ஒன்று புதிய அடிக்கட்டையும் எஞ்சினையும் ஒருங்கே பெற்றது; மற்றொன்றிடம் 1950களின் உடல் விடப்பட்டது. பின்னர் உத்தர்பாரா நிலத்தின் 314 ஏக்கர் குடியிருப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்டது. 2014 மே 24 அன்று பணி நிறுத்த அறிவிப்பு ஒட்டப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பட்டியலில் இருந்தார்கள். 2017 இல் அம்பாசடர் என்ற பெயர் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2022 இல் கான்டெசா என்ற பெயரும் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது.

7. விவரப்பட்டியலை வாசிக்கும் முறை

நம் ஆய்வுகளில் கொள்கை ஆவணங்களையும் நாடாளுமன்ற விவாதங்களையும் சான்றுகளாகக் கொள்கிறோம். ஒரு காரின் தொழில்நுட்ப விவரப்பட்டியலை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு மொழியின் சொற்களஞ்சியத்தில் எந்தச் சொல் எக்காலத்தில் எங்கிருந்து வந்தது என்று அடுக்கடுக்காகப் பிரிப்பதுபோலவே இப்பட்டியலையும் பிரிக்க முடியும். சிலிண்டர் விட்டம், அமுக்க விகிதம், ஸ்பிரிங்கின் வகை, கியர்களின் எண்ணிக்கை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பாண்டும் பிறந்த இடமும் உண்டு. அவற்றை அருகருகே வைத்தால், எப்போது நாடு உலகோடு ஒட்டி நின்றது, எப்போது விலகியது, அவ்விலகலில் எந்தப் பகுதி அரசினுடையது, எந்தப் பகுதி நிறுவனத்தினுடையது என்பன கணக்கிடத்தக்கவை ஆகின்றன.

இதில் ஒரு நீதியும் அடங்கியிருக்கிறது. ஓர் ஆலை மூடப்பட்டபின் அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூடலிலிருந்தே பின்னோக்கி எழுதுகிறார்கள். அதன் தொழிலாளர் தோல்வியின் பாத்திரங்களாகிவிடுகிறார்கள். கான்டெசாவின் இரண்டு எஞ்சின்கள் அக்கதைக்கு ஒரு தடை. 50 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டியதும் அவர்களே. 88 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டியதும் அவர்களே. எதைப் பூட்டுவது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.